ப்ராஸ்டேட் வீக்கம்: நீராவிச் சிகிச்சையை எதோடு ஒப்பிடுவது?

அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் யூராலஜிஸ்ட், "ப்ராஸ்டேட்டை நீராவி வைத்துச் சுருக்கிவிடலாம், வெட்டு இல்லை, தையல் இல்லை" என்று சொன்னதும் வீட்டில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆபரேஷனா, நீராவியா? என் கருத்தில் பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் அது இல்லை. நீராவியை முதலில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது, தினமும் ராத்திரி போடும் மாத்திரையை. மாத்திரையோடு ஒப்பிட்டால் நீராவி பல இடங்களில் ஜெயிக்கும். ஆபரேஷனோடு ஒப்பிட்டால் பல இடங்களில் தோற்கும். நம் ஆள் எந்த ஒப்பீட்டுக்கு உரியவர் என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு கைக்கு வந்துவிடும்.

இந்தச் சிகிச்சையின் வணிகப் பெயர் ரெசூம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருந்த என்எக்ஸ்தெரா என்ற நிறுவனம் உருவாக்கியது. 2015-இல் அந்நாட்டு மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. 2018-இல் பாஸ்டன் சயின்டிஃபிக் என்ற மருத்துவக் கருவிக் கம்பெனி அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2020-இல் இதைப் பரிந்துரைத்தது. இப்போது நம் பெருநகரங்களிலும் செய்கிறார்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

"ப்ராஸ்டேட் 48 கிராம், கிரேடு 2" என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் பலருக்கும் தூக்கம் போய்விடுகிறது. சிறுநீர்ப் பாதையைச் சுற்றி, இளவயதில் 20 கிராம் அளவில் இருக்கும் இந்தச் சுரப்பி வயதாக ஆக வளர்வது இயல்பு. எண்பதைத் தொடும் ஆண்களில் பெரும்பாலோருக்கு வளர்ந்துதான் இருக்கும். ஆனால் அளவுக்கும் அவஸ்தைக்கும் நேர்க்கணக்கு கிடையாது. 90 கிராம் சுரப்பியை வைத்துக்கொண்டு தொந்தரவே இல்லாமல் இருப்பவர் உண்டு. 40 கிராமிலேயே, அதன் நடுப்பகுதியான நடுமடல் சிறுநீர்ப்பையின் வாயை மூடிக்கொண்டதால் சொட்டுச் சொட்டாகப் போகிறவரும் உண்டு.

அதனால் ரிப்போர்ட்டில் அளவோடு இன்னும் மூன்று விஷயங்கள் வேண்டும். ஒன்று, தொந்தரவை அளக்கும் ஐ.பி.எஸ்.எஸ். எனப்படும் 7 கேள்வி மதிப்பெண். மொத்தம் 35. 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-உம் அதற்கு மேலும் கடுமை. இரண்டாவது, யூரோஃப்ளோ என்ற வேகச் சோதனை. நொடிக்கு 10 மில்லிக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். 150 மில்லியாவது போனால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவசர அவசரமாகத் தண்ணீர் குடித்து, பாதி நிரம்பிய பையோடு போய்ச் செய்த சோதனையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்றாவது, போன பிறகு உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பல வருடச் சர்க்கரையில் நரம்பு தளர்ந்து சிறுநீர்ப்பையே தள்ளும் பலத்தை இழந்திருக்கலாம். அப்போது வழியை எவ்வளவு அகலமாக்கினாலும் ஓட்டம் வராது. சந்தேகம் இருந்தால் யூரோடைனமிக்ஸ் என்ற அழுத்தச் சோதனையை டாக்டர் சொல்வார். தேவையில்லாத செலவு என்று அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அப்புறம், டாபாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் சிறுநீர் வழியாகவே சர்க்கரையை வெளியேற்றுகின்றன, கூடவே தண்ணீரும் போகும். பிரஷருக்காகத் தரும் நீர் மாத்திரையை மாலையில் போட்டாலும் ராத்திரி எழுந்துகொண்டேதான் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் பழியை ப்ராஸ்டேட் மேல் போட்டு நீராவி வைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நீராவி உள்ளே என்ன செய்கிறது

வெப்பத்தால் ப்ராஸ்டேட்டைச் சுருக்கும் யோசனை பழையது. மைக்ரோவேவ் வைத்தும், ஊசி வழியாக ரேடியோ அலையைச் செலுத்தியும் 1990-களிலேயே செய்தார்கள். இரண்டும் இப்போது ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டன. காரணம், அங்கே வெப்பம் திசுவுக்குத் திசு மெல்லக் கடந்து போக வேண்டும். ஊசிக்குப் பக்கத்தில் கருகும், கொஞ்சம் தள்ளினால் சூடே இருக்காது.

நீராவி அந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம்தான் இதன் அடிப்படை: ஒரு கிராம் நீராவி தண்ணீராக மாறும்போது ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை விட்டுவிடும். சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை நுழைத்து, பக்கவாட்டில் ஊசியை நீட்டி, அரை மில்லிக்கும் குறைவான தண்ணீரை ஆவியாக்கி 9 நொடிகள் செலுத்துகிறார்கள். ஆவி செல்களுக்கு இடையே உள்ள இடுக்குகளில் பரவி, பட்ட இடத்தில் குளிர்ந்து, வெப்பத்தை அங்கேயே கொட்டுகிறது. அங்குள்ள செல்கள் இறக்கின்றன. வளர்ச்சி நடக்கும் உட்பகுதிக்கு ஒரு இயற்கையான எல்லைச் சவ்வு இருப்பதால் ஆவி அதைத் தாண்டிப் பெரிதாக வெளியே போவதில்லை. சுரப்பியின் அளவைப் பொறுத்துச் சில இடங்களில் இப்படிக் குத்துவார்கள். நடுமடல் இருந்தால் அதிலும் குத்த முடியும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். முதுகில் ஊசி போட வேண்டியதில்லை, லேசான மயக்கமோ ப்ராஸ்டேட்டைச் சுற்றி மரப்பு ஊசியோ போதும்.

இறந்த திசுவை உடம்பே சில வாரங்களில் கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. சிகிச்சைக்குப் பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வில், 6 மாதத்தில் ப்ராஸ்டேட்டின் அளவு கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. "அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்ற விளம்பர வாசகம் உண்மை. "அன்றைக்கே சரியாகிவிடும்" என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொள்வதில்தான் தகராறு வருகிறது.

முதல் மாதத்தைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்வதில்லை, அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். உள்ளே வெந்த திசு முதலில் வீங்கும். அதனால் 3 முதல் 7 நாள் வரை யூரின் டியூபோடும் பையோடும் இருக்க வேண்டியிருக்கும். பெரிய சுரப்பி என்றால் இன்னும் சில நாள் நீளலாம். டியூப் எடுத்த பிறகு எரிச்சல், அவசரம், அடிக்கடி போவது எல்லாம் சில வாரம் முன்பைவிடக் கூடுதலாகவே இருக்கும். சிறுநீரில் ரத்தம் கலந்து வருவதும், சின்னச் சின்னத் திசுத் துணுக்குகள் வருவதும் உண்டு. இரண்டு வாரத்துக்குப் பிறகு மெல்லத் தெளிந்து, முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். மகள் கல்யாணம் அடுத்த மாதம் என்றால் இதைத் தள்ளிப்போடுங்கள். மாத்திரையையும் அதே நாளில் நிறுத்திவிட முடியாது. டாக்டர் சொல்லும்வரை தொடர வேண்டும்.

பலன் எவ்வளவு? அமெரிக்காவில் 15 மையங்களில் 197 பேரை வைத்து நடந்த ஆய்வுதான் இதற்கு முக்கிய ஆதாரம். மூன்றில் இரண்டு பங்கினருக்கு நீராவி, மீதிப் பேருக்கு உள்ளே பார்க்கும் கருவியை மட்டும் விட்டு, நீராவி செலுத்தாமலே செலுத்தியதுபோல் ஒரு பாவனை. மூன்று மாதத்தில் ஐ.பி.எஸ்.எஸ். மதிப்பெண் நீராவிக்காரர்களுக்குச் சராசரியாக 11 குறைந்தது, பாவனைச் சிகிச்சைக்காரர்களுக்கு 4 மட்டும். ஓட்டம் நொடிக்கு 10 மில்லியிலிருந்து 16 அளவுக்கு உயர்ந்தது. ஐந்து வருடம் கழித்தும் மதிப்பெண் கிட்டத்தட்டப் பாதியாகவே நின்றது, அதற்குள் 4.4 சதவீதம் பேருக்கு மறுபடியும் ஏதாவது ஆபரேஷன் தேவைப்பட்டது, 11 சதவீதம் பேர் மாத்திரைக்குத் திரும்பினார்கள்.

நல்ல எண்கள்தான். ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் 30 முதல் 80 கிராம் வரை சுரப்பி உள்ளவர்கள். 110 கிராம் உள்ள உங்கள் பெரியப்பாவுக்கு அந்த 4.4-ஐ அப்படியே பொருத்த முடியாது. இன்னொன்று, 22 மதிப்பெண் 11 ஆனது பெரிய நிம்மதி, ஆனாலும் 11 என்பது நடுத்தரத் தொந்தரவுக் கணக்கில்தான் வருகிறது.

மாத்திரையோடு வைத்துப் பார்த்தால்

நம் ஊரில் மிகப் பரவலாக எழுதப்படுவது டாம்சுலோசின், டூடாஸ்டெரைடு இரண்டும் சேர்ந்த மாத்திரை. டாம்சுலோசின் சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையைத் தளர்த்தி சில நாளிலேயே வழிவிடும், சுரப்பியைச் சுருக்காது. டூடாஸ்டெரைடு சுருக்கும், ஆனால் ஆறு மாதம் ஆகும். நான்கு வருட ஆய்வில், டாம்சுலோசினை மட்டும் சாப்பிட்டவர்களைவிட இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வதும் ஆபரேஷன் தேவைப்படுவதும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. மாத்திரையைக் குறைத்து மதிப்பிட இடமே இல்லை.

ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது, அது மாதாந்திர மருந்துக்கடை பில்லில் வராது. எழுந்து நின்றால் தலைசுற்றல். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போடுகிறவர் ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வது கற்பனை ஆபத்து கிடையாது. டூடாஸ்டெரைடு சிலருக்கு ஆசையையும் விறைப்பையும் குறைக்கும். டாம்சுலோசின் வகையைச் சேர்ந்த சிலோடோசின் சாப்பிடுகிறவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் விந்து வெளிவராமல் பின்னோக்கிப் போகிறது. பலருக்கு அது மாத்திரையால்தான் என்றே தெரியாது, வயதாகிவிட்டது என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். டாம்சுலோசின் போடுகிறவர் கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆபரேஷன் நடுவே கண்மணிப் படலம் தொளதொளவென்று ஆகிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் அவர் தயாராக இருப்பார்.

2003-இல் வெளியான எம்டாப்ஸ் என்ற பெரிய மருந்து ஆய்வின் எண்களை எடுத்து, நீராவி ஆய்வின் மூன்று வருட எண்களோடு பிற்பாடு ஒப்பிட்டார்கள். நீராவி, ஒற்றை மருந்து எதையும்விட நன்றாகத் தொந்தரவைக் குறைத்தது. இரண்டு மருந்துகள் சேர்ந்தால் கிடைப்பதற்குச் சமமாக நின்றது. இருவேறு ஆய்வுகளை ஒட்டவைத்த ஒப்பீடு, நேருக்கு நேர் மோதிப் பார்த்தது கிடையாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் எனக்கு இது போதுமான ஆதாரமாகத் தோன்றுகிறது: மாத்திரை ஒத்துக்கொள்கிறது, தொந்தரவும் அடங்கியிருக்கிறது என்றால் நீராவிக்குப் போக அவசரமே இல்லை. ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது இருபது வருடம் மாத்திரை விழுங்க மனமில்லை, சுரப்பியும் 80 கிராமுக்குள் என்றால் நீராவி முதல் தேர்வாகவே இருக்கலாம்.

ஆபரேஷனோடு வைத்துப் பார்த்தால்

டர்ப் என்று எல்லோரும் சொல்லும் பழைய முறையில், பாதை வழியாகக் கருவியை விட்டு உள்திசுவைச் சீவி எடுக்கிறார்கள். ஏறக்குறைய நூறு வருட அனுபவம் இதன் பின்னால் இருக்கிறது. முன்பெல்லாம் உள்ளே கழுவப் பயன்படுத்திய கிளைசின் திரவம் ரத்தத்தில் கலந்து சோடியம் இறங்கிவிடும் பயம் இருந்தது. இப்போதைய பைபோலார் கருவியில் சாதாரண உப்புநீரே போதும் என்பதால் அந்தப் பயம் பெருமளவு தீர்ந்தது. ஹோலெப் என்பது ஹோல்மியம் லேசரால் உள்வளர்ச்சியை முழுதாகக் குடைந்து எடுப்பது. ஆரஞ்சுத் தோலுக்குள்ளிருந்து சுளைகளை மட்டும் உருவி எடுப்பதுபோல் என்று டாக்டர்கள் விளக்குவார்கள். நியூசிலாந்தில் பீட்டர் கில்லிங் 1990-களில் வளர்த்தெடுத்த முறை. இதற்கு அளவு வரம்பே இல்லை. 150 கிராமையும் எடுக்கலாம். துலியம் லேசரிலும் இதையே செய்கிறார்கள்.

ஓட்டத்தின் வேகத்தில் இந்த இரண்டையும் நீராவி எட்டிப் பிடிக்காது. டியூபும் இரண்டொரு நாளில் எடுக்கப்பட்டு, பலன் உடனே தெரியும். ஏற்கெனவே முழுதாக அடைத்து டியூபோடு வாழ்கிறவர், சிறுநீர்ப்பையில் கல் உள்ளவர், சிறுநீரகம் வீங்கி கிரியாட்டினின் ஏறியவர், திரும்பத் திரும்ப ரத்தம் போகிறவர், இவர்களுக்கெல்லாம் நான் நீராவியைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன். டர்ப், ஹோலெப் இரண்டில் ஒன்றுதான்.

எடுத்த திசு பரிசோதனைக்குப் போகும் என்பதும் ஆபரேஷனின் சாதகம். எதிர்பாராத புற்றுநோய் சில சமயம் அப்படித்தான் கண்ணில் படுகிறது. நீராவியில் கையில் எதுவும் வராது. எனவே அதற்கு முன்பே பி.எஸ்.ஏ. என்ற ரத்தச் சோதனை பார்த்து, சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துத் தெளிந்துகொள்ள வேண்டும். டூடாஸ்டெரைடோ அதே வகை ஃபினாஸ்டெரைடோ ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டவருக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகத் தெரியும். ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் 6 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். லேப் தாளில் "நார்மல்" என்று அச்சடித்திருப்பதை நம்பிப் பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, நீராவி எங்கே ஜெயிக்கிறது? விந்து வெளியேற்றத்தில். டர்ப், ஹோலெப் செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேலானவர்களுக்கு விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உறவில் உச்சம் இருக்கும், வெளியே எதுவும் வராது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, விறைப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் சிலருக்கு மனசில் பெரிய உறுத்தலாகிவிடுகிறது. நீராவியில் இது சில சதவீதம் பேருக்கு மட்டுமே. புதிதாக விறைப்புக் குறை வந்ததாகவும் அந்த 197 பேர் ஆய்வில் பதிவாகவில்லை. 58 வயதில் இது முக்கியம். 68-இலும் முக்கியமாக இருக்கலாம், யார் கண்டது? நம் ஊர் கன்சல்டிங் அறையில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை, ஏனென்றால் அப்பாவுக்குப் பக்கத்தில் மகனோ மகளோ மருமகளோ ஃபைலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவரை ஐந்து நிமிடம் டாக்டரோடு தனியாக விட்டு வெளியே வாருங்கள். அம்மா உள்ளே இருக்கலாம்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள், முழு மயக்கம் தாங்காதவர்கள் ஆகியோருக்கும் நீராவி யோசிக்கத் தகுந்தது. ரத்தப்போக்கு டர்ப்பைவிடக் குறைவு. மாத்திரையை நிறுத்தலாமா, எத்தனை நாள் என்பதை இதய டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரத்தப்போக்கைப் பொறுத்தவரை லேசரும் டர்ப்பைவிட நல்லது என்பதால், சுரப்பி பெரிதாக இருந்தால் முடிவு லேசர் பக்கம் சாயும்.

யூரோலிஃப்ட் என்றும் ஒன்று இருக்கிறது. மடல்களைச் சின்னக் கொக்கிகளால் ஓரமாக இழுத்துக் கட்டிவைப்பது. விந்து பாதிப்பு அறவே இல்லை, பலனும் சீக்கிரம் தெரியும். ஆனால் அதன் முக்கிய ஆய்வில் ஐந்து வருடத்தில் 13.6 சதவீதம் பேருக்கு மறு சிகிச்சை தேவைப்பட்டது, நடுமடல் பெரிதாக இருந்தால் சரிப்படுவதும் கஷ்டம். ரத்தக்குழாய் வழியாகப் போய் ப்ராஸ்டேட்டுக்கு ரத்தம் வரும் குழாயை அடைக்கும் எம்போலைசேஷனை இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் செய்வார். பெரிய சுரப்பி, மயக்கம் கொடுக்கவே முடியாத உடல்நிலை என்றால் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

பணம்

நீராவிக் கருவியின் கைப்பிடி ஒருவருக்கு ஒருமுறைதான் பயன்படும், இறக்குமதிச் சரக்கு. ஆஸ்பத்திரியில் ஒரே நாள் இருந்தாலும் பில் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருப்பது அதனால்தான். பேக்கேஜ் சொல்லும்போது கைப்பிடியின் விலை அதற்குள் அடக்கமா, தனியா என்று கேளுங்கள். டர்ப் என்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் யூராலஜி பிரிவிலேயே நடக்கிறது. கையில் பணம் இல்லாதவர், நீராவி கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. பலனில் டர்ப் ஒரு படி மேல்தான். ஹோலெப் கற்றுக்கொள்ளக் கடினமான வேலை என்பதால், அதைச் செய்யும் டாக்டரிடம் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேட்கலாம்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பல பாலிசிகளில் ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி தரும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியிலும் அப்படித்தான். இரண்டாவது, பாலிசியிலிருந்து விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகள் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-இல் கொடுத்த பட்டியலில் ப்ராஸ்டேட்டுக்கான கிரீன் லேசரும் ஹோல்மியம் லேசரும் பெயர் சொல்லி இருக்கின்றன. நீராவி அதில் பெயரோடு இல்லை. அதனால் கொடுக்க மாட்டார்கள் என்று அர்த்தமில்லை, வாதாட வேண்டி வரலாம். பட்டியலில் இருப்பவற்றுக்கும் சில கம்பெனிகள் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. தேதி குறிப்பதற்கு முன்பே சிகிச்சையின் பெயரையும் கருவியின் பெயரையும் எழுதி ஒப்புதல் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருப்பவர் "கிளெய்ம் ஆகிடும் சார்" என்று சொல்வது டிஸ்சார்ஜ் அன்று உதவாது.